மூன்று திருகாணியா, உருக்குப் பந்தா?

போன வருசம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எழும்பப் பார்த்தால் வலது கால் சொல்லுக் கேட்கவில்லை. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, கால் ஒரு அங்குலம் குறைந்தது மாதிரிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது, இடுப்பு போய்விட்டது என்று. எலும்பு ஒப்பரேசன் தியேட்டரில் தாதியாக ஆயுசில் பாதியை நின்றே கழித்தவளுக்கு இதைக்கூடச் சொல்லத் தெரியாவிட்டால் பென்சன் எடுப்பதில் அர்த்தமில்லை. தண்ணீர் மோட்டர் நிற்காமல் ஓடுகிறதே என்று பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்திருக்காவிட்டால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

என்னைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனவள் நிரோஷா. நான் வேலை பழக்கிய பிள்ளை, இப்போது அவள்தான் அங்கே பொறுப்பு. சேலைக் கடையில் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "மிஸ், உங்களுக்குத் தகடா, ஆணியா? விருப்பத்தச் சொல்லுங்க, டொக்டரிட்டச் சொல்லி எடுத்துத் தாறன்."

ஆணிதான் வைத்தார்கள். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஆணிதானாம். நாங்கள் கிருமி போக அவித்து அவித்து அடுக்கி வைத்த தகடுகள் அலுமாரியின் அடித் தட்டுக்குப் போய்விட்டன. தையல் பிரித்த அன்று நிரோஷா திரும்பவும் கேட்டாள்: "எல்லாத்தையும் கண்ட ஆள் நீங்க. மெய்யாச் சொல்லுங்க மிஸ், எது நல்லம்?" ஒரு வரியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை, காலை நீட்டிக்கொண்டு இருக்கிற நேரத்தில் எழுதித் தருகிறேன் என்றேன்.

தியேட்டருக்கு வெளியே இருக்கிறவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். தொடையெலும்பின் உச்சியில் ஒரு பந்து. அது இடுப்பின் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. பந்துக்குக் கீழே மெல்லிய கழுத்து, கழுத்துக்குக் கீழே தடித்த தோள். தோளில் முறிந்தால் பெரிய பயமில்லை, அங்கே இரத்தம் தாராளம். சுத்தமாக இரண்டாக முறிந்தால் வெளியே தகடு வைத்து ஒரு பெரிய திருகாணியை உள்ளே விடலாம். சில்லுச் சில்லாக உடைந்தால் எலும்புக் குழாய்க்குள் ஆணி இறக்குவது பலம். நிரோஷா கேட்ட கேள்வி, எனக்கு முறிந்த இந்த இடத்தைப் பற்றியது. அதற்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கிறது.

கழுத்தில் முறிந்தால்தான் கதை வேறு. பந்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் கழுத்தோரமாக ஏறுகிறவை. கழுத்து விலகினால் அவையும் அறும். அப்போது இரண்டே வழி. மூன்று திருகாணியால் சொந்தப் பந்தைப் பிடித்து வைத்து, அது பிழைக்கும் என்று நம்பிக் காத்திருப்பது ஒன்று. சொந்தப் பந்தை எடுத்துவிட்டு உருக்குப் பந்து வைப்பது மற்றது. உருக்குப் பந்துக்காரர் மறுநாளே எழுந்து நிற்பார், ஆனால் பிறகு குந்தக் கூடாது, சம்மணம் கட்டக் கூடாது, நிலத்துக்குக் குனியக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். திருகாணிக்காரருக்கு எலும்பு பொருந்திவிட்டால் பழையபடி எல்லாம் செய்யலாம். பொருந்தும்வரை மாதக்கணக்கில் அந்தக் காலை ஊன்றக் கூடாது, யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பொருந்திய பிறகும், வருசங்கள் கழித்து அந்தப் பந்து செத்துப்போகலாம்.

இதையெல்லாம் நான் படித்தது பயிற்சிப் பள்ளியில் அல்ல. அங்கே படித்தது கட்டில் விரிக்கவும், காய்ச்சல் பார்க்கவும், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கவும். இடுப்பைப் பற்றி எனக்குப் படிப்பித்தது பெரிய டொக்டர்.

அவர் யாழ்ப்பாணத்தார். மட்டக்களப்புக்கு ஒரு வருச மாற்றலில் வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களை மட்டக்களப்பார் மந்திரம் பண்ணி, திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று ஒரு பழைய கதை இருக்கிறதே, அதைச் சொல்லி அவரைக் கேலி பண்ணாத ஆசுபத்திரி அற்றன்டன் கிடையாது. ஒரு வருசம் என்று வந்தவர் வருசக்கணக்காகப் போகவேயில்லை. "ஒட்டின பாயக் காட்டுங்க டொக்டர்" என்று கேட்பார்கள். சிரிக்க மாட்டார். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல், நல்லது. கோபம் வந்தாலும் நல்லது, நோயாளி செத்துப்போனாலும் கையுறையைக் கழற்றிக்கொண்டே நல்லது. எந்த நல்லதுக்கு என்ன அர்த்தம் என்று பிடிபட எனக்கு நெடுங்காலம் எடுத்தது. அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஆனாலும் கடைசிவரை என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டார். ஒரு நாளும் பாராட்டியது கிடையாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இடுப்பு முறிந்து வருகிறவரிடம் எக்ஸ்ரேயைப் பார்க்க முதல் மூன்று கேள்வி கேட்பார். "படுக்கிறது கட்டிலிலையோ, பாயிலையோ? கக்கூஸ் குந்துறதோ, இருக்கிறதோ? வீட்டில ஆர் பாக்கிறது?" பதிலைக் கேட்ட பிறகுதான் படத்தை வெளிச்சத்தில் பிடிப்பார். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற இடுப்பு கதிரையில் இருக்கிற இடுப்பு, எங்கள் சனத்தின் இடுப்பு நிலத்தில் இருக்கிற இடுப்பு என்பார். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வட்டையில் நாற்று நடுகிறவளுக்கும் ரவுனில் கந்தோரில் மேசை வேலை பார்க்கிறவருக்கும் ஒரே சாமானை வைக்க அவருக்கு மனம் வராது. முதல் இரண்டு கேள்விக்குச் சனம் உண்மை சொல்லும். மூன்றாவதற்குத்தான் பொய் வரும். பிள்ளைகள் கைவிட்ட ஆட்கள்தான் "எல்லாரும் இருக்காங்க" என்று பெரிதாகச் சொல்வார்கள்.

சுனாமியாகக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை டியூட்டி. குருக்கள்மடத்தில், கடற்கரைப் பக்கமாக எங்கள் வீடு. நானும் தங்கச்சியும்தான். அம்மா அப்பா போன பிறகு இரண்டு பேரும் கலியாணம் கட்டாமலே இருந்துவிட்டோம். காலையில் நான் வெளிக்கிடும்போது அவள் நித்திரை, எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு அவளைக் கண்டுபிடித்துத் தந்தார்கள். வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அத்திவாரம் மட்டும் இருந்தது. அடக்கம் பண்ணிவிட்டு மறுநாளே வேலைக்கு வந்தேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குக்கூட லீவு போடவில்லை. ஆசுபத்திரி விடுதியில் ஒரு அறை தந்தார்கள். அந்த அறைக்குப் போகப் பயந்து, மற்றவர்களின் வார்ட் டியூட்டியையும் வாங்கிச் செய்தேன். "கல்லுமனசுகா இவவுக்கு" என்று அற்றன்டன்மார் கதைத்தது என் காதிலும் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ஆதம்பாவா காக்காவைக் கொண்டுவந்தார்கள்; முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பதுதான் வழக்கம். காத்தான்குடி ஆள், கடற்கரையோரம் ஒரு சின்னப் பள்ளிவாசலின் மோதினார். வேளைக்கு வேளை தொழுகைக்குப் பாங்கு சொல்வதும், பள்ளியைக் கூட்டித் துடைப்பதும் அவர் வேலை. வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பள்ளியின் மதில் அவர் மேல் விழுந்திருந்தது. நெஞ்சுக் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் மருந்து செய்ததில் இடுப்பைப் பார்க்க நாள் போய்விட்டது. கழுத்து முறிந்து விலகியிருந்தது.

பெரிய டொக்டர் வந்து மூன்று கேள்வியையும் கேட்டார்.

"பாய்தான் டொக்டர். இப்ப பள்ளிக்கூடத்து முகாம்ல எல்லாருக்கும் பாய்தான். கக்கூஸும் குந்துறதுதான்."

"ஆர் பாக்கிறது?"

"மகள் இரிக்கா."

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வயதைப் பார்த்தாலும் கடந்த நாட்களைப் பார்த்தாலும் உருக்குப் பந்துதான் சரி. குந்துகிற கக்கூசையும் பாயையும் பார்த்தால் திருகாணி சரி. பார்க்க மகள் இருக்கிறாள் என்பதால் தராசு ஒரு பக்கம் சரிந்தது. "திருகாணி போடுவம், பிள்ளை. மகளைக் கூப்பிட்டு எல்லாம் விளங்கப்படுத்தி விடும்" என்றார்.

பார்வை நேரத்துக்கு மகள் வரவில்லை. மச்சான் முறைக்காரர் ஒருவர்தான் சோற்றுப் பார்சலோடு வந்தார். காக்காவின் மனைவியுடன் பிறந்தவர். அவரை வெளியே கூப்பிட்டு, மகளை அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அந்த மனிசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எந்த மகள் மிஸ்? இரிந்தது ஒரு மகள்தான். தாயையும் மகளையும் ஒண்டாத்தானே அடக்கின. எந்தக் குழியில ஆரு எண்டும் தெரியா."

மகள் இல்லாமல் திருகாணி போட்டு முகாமுக்கு அனுப்பினால், ஒரு வாளித் தண்ணீருக்காக அந்த மனிசன் காலை ஊன்றுவார். திருகாணி பிடுங்கிக்கொண்டு வரும், பிறகு நடையே இல்லை. நேரே கட்டிலடிக்குப் போனேன்.

"என்ன காக்கா, பொய் சொல்லிப்போட்டீங்களே?"

கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பந்தப் பத்தி பக்கத்துக் கட்டில் ஆள் சொன்னார் மிஸ். வெச்சா குனிய ஏலாதாம், கதிரையிலதான் தொழணுமாம்."

"கதிரையில தொழுதால் உங்கட மார்க்கத்தில பிழையோ?"

"பிழையில்ல. ஏலாத ஆளுக்குக் கதிரையும் சரிதான், கண்ணால சாடை காட்டினாலும் சரிதான். நானே எத்தினையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திரிக்கன்." முகத்தை என் பக்கம் திருப்பினார். "மிஸ், அவங்கள் ரெண்டு பேரும் போனதுக்குப் பொறகு நான் இன்னும் அழல்ல. அழுகை வருதில்ல. சின்ன வயசில இரிந்தே எனக்கு எந்தக் கவலையும் சுஜூதுலதான் கரையும். நெத்தி நிலத்தில படக்குள்ளதான் கண்ணுல தண்ணி வரும். இப்ப அவங்களும் அந்த மண்ணுக்குள்ளதான் இரிக்காங்க. பந்த வெச்சிட்டா நான் இதச் சுமந்துக்கிட்டே மௌத்தாப் போயிருவன். அதுக்குத்தான் பொய் சொன்ன."

என் நெஞ்சில் கிடந்ததை வேறு யாரோ எடுத்து வெளியே வைத்தது மாதிரி இருந்தது. டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லது" என்றார். இது புதிய நல்லது, எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை. வார்ட்டுக்கு வந்து, ஒரு நாளும் இல்லாத வழக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தார்.

"மோதினார், திருகாணி போட்டாலும் பந்து பிழைக்கும் எண்டு நான் உத்தரவாதம் தரமாட்டன். நாளும் போட்டுது. ஒரு நாளைக்குச் சாகலாம். பேந்து இன்னொருக்கா வெட்ட வேணும். விளங்குதோ?"

"விளங்குது டொக்டர்."

"குனியேலுமோ இல்லையோ எண்டது பேந்து. முதலில அந்தக் காலை ஆரும் பாத்தாகோணும். இப்ப உண்மையாச் சொல்லும். ஆர் பாக்கிறது?"

காக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் பாக்கிறன் டொக்டர்" என்றேன். "வார்ட்டிலயே இருக்கட்டும். மூலைக் கட்டில் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காயக்காரர் நிலத்தில் படுத்திருந்த நேரம், ஒரு கட்டிலை மாதக்கணக்கில் ஒருவருக்குக் கொடுப்பது என்றால் மேலிடத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தவிர அந்தக் காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த பார்வையும் எல்லாருக்கும் தெரியும். "நல்லது, பிள்ளை" என்று எழுந்து போனார். அதுதான் அவர் என்னைப் பாராட்டியது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பரேசனைப் பற்றி நிரோஷாவுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கடலுக்குப் பிறகு எங்களுக்கு உதவியாக வந்த பெட்டிகளில் சாமான் நிறைய இருந்தது. ஆனால் திருகாணி ஒரு நாட்டினது, அதைத் திருகுகிற கருவி இன்னொரு நாட்டினது. ஒன்றின் தலை அறுகோணம், மற்றதன் நுனி நட்சத்திரம். கலியாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மூன்று திருகாணிக்கும் ஒரு கருவிக்கும் பொருத்தம் கண்டுபிடித்து அவித்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். காக்கா விழித்தபடி ஓதிக்கொண்டிருந்தார். இழுவைக் கட்டிலில் காலைப் பூட்டி, டொக்டர் மெதுவாக இழுத்து, உள்ளே திருப்பினார். எக்ஸ்ரேத் திரையில் விலகிக் கிடந்த கழுத்து வந்து பந்தோடு சேர்ந்தது. அங்கே அவர் அவசரப்படுவதில்லை. முன்னால் இருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், திரும்பவும் முன்னால். மயிரிழை விலகலாக இருந்தாலும் பூட்டைத் தளர்த்தி முதலில் இருந்து தொடங்குவார். பிறகு மெல்லிய வழிக்கம்பி மூன்று, ஒன்று கீழே, இரண்டு மேலே. மூன்றும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு இறுகும்போது ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். இரண்டாவது கம்பி போகும்போது கரண்ட் நின்றது. ஜெனரேட்டர் வரும்வரை டொக்டர் கையை அசைக்காமல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அந்த இருட்டில் காக்காவின் ஓதல் மட்டும் கேட்டது. லைட் வந்ததும் துளையுள்ள திருகாணிகளைக் கம்பி வழியே கோத்து ஒவ்வொன்றாக இறுக்கினார். கடைசித் திருகை மட்டும் இரண்டு விரலால். எலும்பு போதும் என்று சொல்வது விரலுக்குத்தான் கேட்கும் என்பார்.

மூலைக் கட்டிலில் காக்கா இருந்த மாதங்கள்தான் என் உத்தியோகத்தில் எனக்குப் பிடித்த காலம் என்று சொன்னால் நிரோஷாவுக்குச் சிரிப்பு வரும். அவர் காலை நான் ஊன்றவிடவில்லை. முகம் கழுவத் தண்ணீர், துவாய், மலச்சட்டி எல்லாம் முறை வைத்துச் செய்தோம். என் டியூட்டியில் அற்றன்டன்மார் செய்தார்களா என்று நின்று பார்ப்பேன். "பட்ட காலிலேயே படும், கெட்ட குடியே கெடும் எண்டு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்த அற்றன்டன் ஒருத்திதான் பிறகு அவருக்கு வீட்டில் இருந்து பிட்டு கொண்டுவந்தாள். நேரம் வந்ததும் காக்கா மெல்லிய குரலில் பாங்கு சொல்வார். மற்ற நோயாளிகள் அதை வைத்து மருந்து நேரம் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். அமிர்தகழிப் பக்கத்து ஐயா ஒருவர், "மோதினார் சொல்லிட்டார், மிஸ், குளிசை எங்க?" என்று என்னைப் பிடிப்பார்.

ஒரு பின்னேரம் காக்கா கேட்டார்: "மிஸ்ஸ ஆர் பாக்குற?"

என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

எலும்பு பொருந்தியது. டொக்டர் எழுத்தில் கொடுத்த அனுமதியோடு, மச்சான்காரர் கொண்டுவந்த பாயை விறாந்தையில் விரித்தோம். காக்கா சுவரைப் பிடித்து முழங்காலில் இறங்கினார். முதலில் கை, பிறகு மூக்கு, பிறகு நெற்றி நிலத்தில் பட்டது. எழும்பவில்லை. முதுகு குலுங்கியது. பிறகு அழுகைச் சத்தம் வந்தது, வார்ட் முழுக்கக் கேட்டது. பெரிய டொக்டர் ஒரு எக்ஸ்ரே உறையை வெளிச்சத்தில் பிடித்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த உறையில் படமே இருக்கவில்லை.

யுத்தம் முடிகிற வருசம் காக்கா திரும்பி வந்தார், நொண்டிக்கொண்டு. படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். பந்து செத்து நசுங்கி, திருகாணிகளின் நுனி வெளியே வந்து கிண்ணத்தை உரசிக்கொண்டிருந்தது. பெரிய டொக்டர் அப்போது மாற்றலாகிப் போயிருந்தார். புதிய டொக்டர் கெட்டிக்காரப் பெடியன், மரியாதையானவர். படத்தைப் பார்த்து, "இந்த வயசுக்கு அப்பவே பந்து வச்சிருந்தா ஒரே ஒப்பரேசனோட முடிஞ்சிருக்கும், மிஸ். தேவையில்லாத வேதனை" என்றார். புத்தகத்தின்படி அவர் சொன்னது சரி. நான் வாதாடவில்லை.

ஒப்பரேசன் நடந்த நாள், யுத்தம் முடிந்தது என்று அறிவித்த நாளாக அமைந்துவிட்டது. ஓய்வறையில் ரீவி ஓடியது. எங்கள் அற்றன்டன் ஒருத்தியின் மகன் கடைசிச் சண்டை நடந்த வன்னிப் பக்கம் இருந்தவன். அவள் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. உள்ளே நாங்கள் பழைய திருகாணிகளைக் கழற்றி, செத்த பந்தை எடுத்து, உருக்குப் பந்தை வைத்தோம். வேலை சுத்தமாக முடிந்தது.

மயக்கம் தெளிகிற அறையில் காக்காவும் நானும் மட்டும். இந்த முறையும் முதுகில்தான் ஊசி, ஆள் தெளிவாக இருந்தார். வெளியே கொண்டாட்ட வெடி கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

"இனிக் கதிரைதான் காக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கவலையாக இருந்தது.

"கதிரை காணும் மிஸ்" என்றார். "எனக்கு அழுது முடிஞ்சிது. இந்த வருசமெல்லாம் ஒவ்வொரு சுஜூதுலயும் கொஞ்சம் கொஞ்சமா முடிஞ்சிது. இப்ப அவங்கள நெனச்சா சிரிப்பும் வருது." என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு முடிஞ்சிதா?"

என் தங்கச்சியைப் பற்றி நான் அவருக்குச் சொன்னதேயில்லை. வார்ட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

"நான் இன்னும் தொடங்கவேயில்லை காக்கா" என்றேன்.

அவர் கட்டிலோரத்து ஸ்டூலைக் கையால் காட்டிவிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அதில் இருந்தேன். வெளியே வெடி விடாமல் வெடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், தங்கச்சியின் பெயரை வாய்விட்டுச் சொல்லி அழுதேன்.